சின்ன கேபினட்டின் உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

கம்ப்யூட்டருக்குச் சின்ன கேபினட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தையும் கொள்ளளவைச் சொல்லும் லிட்டர் கணக்கையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நீங்கள் உட்காரப் போவது அதன் உள்பக்கத்தோடுதான். நல்ல செய்தி என்னவென்றால், கேபினட் கையில் இல்லாமலே அதன் மேனுவலையும் நாலைந்து படங்களையும் வைத்து உள்ளமைப்பை எடைபோட்டுவிடலாம். ஒரு ஸ்கேல், பழைய அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: லிட்டர் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கூலர் மாஸ்டர் என்.ஆர்.200 கேபினட்டை எடுத்துக்கொள்வோம். அதை 18.25 லிட்டர் என்கிறார்கள். 36 × 18.5 × 27.4 செ.மீ. என்று பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. அடியில் உள்ள கால்கள் இந்தக் கணக்கில் வராது. இதற்கு மேல் லிட்டர் எதையும் சொல்லாது. ஒரே லிட்டர் உள்ள இரண்டு கேபினட்களில் ஒன்றில் உயரமான கூலர் (சி.பி.யூ.வைக் குளிர்விக்கும் பாகம்) போகும், இன்னொன்றில் போகவே போகாது.

படி 2: எது எங்கே உட்காருகிறது?

இந்த அளவு கேபினட்களில் போவது பெரும்பாலும் மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு. அது 17 செ.மீ. சதுரம். அட்டையில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மேஜையில் வையுங்கள். பெரிய கேபினட்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இது எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. என்.ஆர்.200 போன்றவற்றில் கார்டு வழக்கம்போல மதர்போர்டிலேயே நேராகச் செருகும். சாண்ட்விச் அமைப்பில் மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம். நடுவில் ஒரு தகடு, இரண்டையும் இணைக்க ஒரு ரைசர் கேபிள்.

ஃப்ராக்டல் டெர்ரா கேபினட் இந்த இரண்டாவது வகை. அதன் நடுத்தகட்டை நகர்த்தி வைக்கலாம். கூலருக்கு 77 மி.மீ. கொடுத்தால் கார்டின் தடிமனுக்கு 43 மி.மீ.தான் மிஞ்சும். கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48. எப்படிக் கூட்டினாலும் 120தான். சின்ன கேபினட்டின் சூட்சுமமே இதுதான்: ஒன்றுக்குக் கொடுக்கும் இடம் இன்னொன்றிடமிருந்து எடுத்ததாகவே இருக்கும். "77 மி.மீ. கூலர் போகும், 72 மி.மீ. கார்டும் போகும்" என்று விவரப் பட்டியலில் படித்துவிட்டு, இரண்டையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் "எதை விட்டுக்கொடுத்தால்?" என்று பென்சிலால் எழுதி, மேனுவலில் பதிலைத் தேடுங்கள்.

படி 3: கூலர் உயரம்

கேபினட்டில் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கும் உங்கள் கூலரின் உயரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நாக்டுவா என்.எச்-எல்9ஐ கூலர் வெறும் 37 மி.மீ. என்பதால் அநேகமாக எதிலும் அடங்கும். மற்றவற்றில் கவனம் தேவை. கூலர் உள்ளே போய்விட்டது என்பதால் அதற்குக் காற்று கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபேனுக்கு எதிரே துளையில்லாத கண்ணாடி ஒட்டினாற்போல இருந்தால், ஃபேன் இழுப்பதற்குக் காற்றே இருக்காது. துளையிட்ட தகடு என்றால் நெருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 4: எஸ்.எம்.பி.எஸ்.

எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி இது. சின்ன கேபினட்களில் போகும் எஸ்.எஃப்.எக்ஸ். வகை 125 × 63.5 × 100 மி.மீ. எஸ்.எஃப்.எக்ஸ்-எல் வகையும் அகலம், உயரம், ஸ்க்ரூ துளை எல்லாவற்றிலும் அதேதான். நீளம் மட்டும் 130. இந்த 30 மி.மீ. என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது. ஸ்க்ரூ நன்றாகப் பொருந்தியது. ஆனால் கேபிள்களைச் செருகும் பக்கம் கிராபிக்ஸ் கார்டின் முனையோடு இடித்தது. பிளக் போகும், அதற்குப் பின்னால் கேபிள் வளைய இடமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குட்டை வகைக்கு மாறினேன்.

அதனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அளக்கும்போது பெட்டியை மட்டும் அளக்காதீர்கள். பெட்டி, பிளக், கேபிளின் வளைவு மூன்றையும் சேர்த்து ஒரே அட்டைத் துண்டாக வெட்டுங்கள். கார்டின் மின் பிளக்குக்கும் இதே விதிதான். 16 பின் உள்ள புதுவகை பிளக் (12VHPWR) என்றால், வெளியே வந்ததும் கேபிள் 35 மி.மீ. அளவுக்காவது நேராகப் போய், அப்புறம் வளைவது பாதுகாப்பு.

படி 5: உங்கள் கை போகுமா?

மதர்போர்டின் மேல் விளிம்பில் சி.பி.யூ.வுக்கு மின்சாரம் தரும் 8 பின் சாக்கெட் இருக்கும். கூலரை மாட்டிய பிறகு அந்த இடத்தில் இரண்டு விரல்தான் போகும். அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு பிளக்கின் கொக்கி விழும்வரை அழுத்த முடியாது. படத்தில் பாருங்கள்: கேபினட்டின் மேல் தகடு தனியாகக் கழலுகிறதா? கழன்றால் நிம்மதி. கழலாவிட்டால், மதர்போர்டை உள்ளே இறக்கும் முன்பே அந்தக் கேபிளைச் செருகிவிட வேண்டும்.

எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டிலேயே செருகும் பட்டை வடிவச் சேமிப்பகம்) மதர்போர்டின் பின்பக்கம் வரும் என்றால், அதற்கு நேராகத் தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எஸ்.எஸ்.டி.யை மாற்ற மொத்தத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

படி 6: காற்று

இது சீக்கிரம் முடியும். காற்று எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று படத்தின் மேல் இரண்டு அம்புக்குறி போடுங்கள். கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருந்தால், அடித்தகட்டில் துளைகளும் அதற்குக் கீழே கால்களின் உயரமும் வேண்டும். அடியில் கூடுதல் ஃபேன் வைக்கும் எண்ணம் இருந்தால், சாதாரண ஃபேனின் தடிமன் 25 மி.மீ., மெலிந்த வகை 15 மி.மீ. என்பதைக் கார்டின் தடிமனோடு கூட்டிப் பாருங்கள்.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால், பக்கத் தகட்டைக் கழற்றி, உள்விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். மடித்த விளிம்பு வழுவழுவென்றிருக்கும், மடிக்காதது கீறும். அப்புறம் தூசி வடிகட்டியை இழுத்துப் பாருங்கள். கேபினட்டைக் கவிழ்க்காமல் அது வெளியே வருகிறதா?