சோற்றுக் கழிவிலிருந்து அமிலம் பிரிப்பது எப்படி? சிலிகான் குழாய் முறை

ஹாஸ்டல் மெஸ்ஸில் மிஞ்சும் சோறும் காய்கறித் தோலும் சாண எரிவாயுக் கலனுக்குப் போவது நல்லதுதான். ஆனால் மீத்தேன் ஆவதற்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிட்டால் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் கிடைக்கும், எரிப்பதைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம். நொதிக்க வைப்பது சுலபம், பிரித்தெடுப்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே சிலிகான் குழாயின் சுவர்தான் பிரிக்கும் சவ்வு: வெளியே இருக்கும் அமிலம் அதைத் தாண்டி, குழாய்க்குள் ஓடும் காரத்தில் போய்ச் சேரும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம்.

ஒரு கிலோ கழிவுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டு அரையுங்கள். எண்ணெய் மிதக்கும் குழம்பைச் சேர்க்காதீர்கள், பின்னால் சவ்வு அடைத்துக்கொள்ளும். எரிவாயுக் கலனிலிருந்து கொஞ்சம் கரைசல் எடுத்து 90 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டுக் கலக்க வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் செத்துவிடும், வித்தாக மாறத் தெரிந்த கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வகைகள் பிழைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் நாலைந்து நாள் வையுங்கள். ஹைட்ரஜன் வரும் என்பதால் இறுக மூடாமல், வாயு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

தினமும் பி.எச். பாருங்கள், 5.5-க்கும் 6-க்கும் இடையில் நிற்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் 4-க்குக் கீழே இறங்கி லாக்டிக் அமிலமாகவே தேங்கிவிடும், அது சிலிகானைத் தாண்டுவதே அரிது. ஏற்றுவதற்குச் சமையல் சோடா போடுங்கள். மலிவு என்று சுண்ணாம்பு போட்டால், அடுத்து கந்தக அமிலம் சேர்க்கும்போது ஜிப்சமாகப் படிந்து சவ்வைக் கெடுக்கும்.

அப்புறம் துணியில் வடித்து, ஒரு இரவு தெளியவிட்டு, 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். அடைத்தால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

இப்போதுதான் முக்கியமான இடம். சிலிகான் வழியாக அயனியாகாத அமிலம், அதாவது மின்னூட்டம் பெறாமல் முழு மூலக்கூறாக இருக்கும் அமிலம் மட்டுமே நுழையும். இந்த மூன்று அமிலங்களும் பி.எச். 4.8 வாக்கில் பாதி அயனி, பாதி முழு அமிலமாக இருக்கும். 5.8-ல் பத்தில் ஒரு பங்குகூட நுழையும் நிலையில் இருக்காது, 3.8-க்கு இறக்கினால் பத்தில் ஒன்பது பங்கு தயார். அதனால் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 3.8-க்குக் கொண்டுவாருங்கள். நுரைத்துப் பொங்கும், ஹைட்ரஜன் சல்பைடும் வரலாம், ஆய்வகத்தில் நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள்தான் இந்த வேலை. ஒரு மணி நேரம் அங்கேயே திறந்து வைத்துக் கலக்கிக் கார்பன் டை ஆக்சைடை விரட்டுங்கள், இல்லையென்றால் அதுவும் குழாய்க்குள் புகுந்து காரத்தைத் தின்றுவிடும்.

மெல்லிய சுவருள்ள சிலிகான் குழாயைச் சுருட்டி இந்தக் கரைசலில் மூழ்கவைத்து, உள்ளே 0.5 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடாக் காரத்தைச் சின்ன பம்ப்பில் சுற்றவிடுங்கள். உள்ளே போன அமிலம் உடனே சோடியம் உப்பாகிவிடும், திரும்பி வர வழியில்லை. குழாய் நீளம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். அவ்வப்போது ஒரு மில்லி காரத்தை எடுத்து, காரம் இருந்தால் நிறம் காட்டும் பினாப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் காரம் இன்னும் மிச்சம், நிறமே வராவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். நிறம் போகும்வரை ஓட்டலாம் என்று பினாப்தலீனை மொத்தக் காரத்திலும் கலந்துவிடாதீர்கள், கடும் காரத்தில் அந்த நிறம் தானாகவே வெளுத்து ஏமாற்றும்.

மாற்றும் ஒவ்வொரு தடவையும் தனிப் பாட்டிலில் சேமியுங்கள். தண்ணீரை அவ்வளவாக நாடாத பியூட்டிரிக் அமிலம் சிலிகானை வேகமாகத் தாண்டும், அசிட்டிக் மெதுவாக வரும், அதனால் முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் ஒரே சரக்கல்ல.