குடித்தனத்தோடு வீடு விற்கும் கம்பெனியை, வீடு வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, ஆளைக் குடிவைத்து, "முதல் மாதமே வாடகை கையில்" என்று விற்கும் கம்பெனிகளிடம் வாங்குவோர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் விற்பவரைப் பார்க்க வேண்டும். கடன், பதிவுச் செலவு பற்றி இங்கே பேசவில்லை.

படி 1: வீடு யார் பெயரில் இருக்கிறது?

கம்பெனியின் பதிவு, வழக்குகள் எல்லாம் பாருங்கள், சரி. முதல் கேள்வி, வீடு இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதே. கம்பெனி பெயரில் இல்லையென்றால் அவர்கள் வெறும் தரகர். பழுது வேலைக்கு யார் பொறுப்பு என்பது அந்தரத்தில் நிற்கும். ஆவணங்களை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், அவர்கள் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

படி 2: "முழுதும் புதுப்பித்தது"

பெயின்ட், தரை, சமையலறை அலமாரி புதிதாக இருக்கும். கூரையும் வயரிங்கும் கழிவுநீர்க் குழாயும் பழையதாகவே இருக்கும். வேலைவாரியாகப் பிரித்த பில்லும், தேவைப்படும் வேலைகளுக்கு அனுமதிச் சான்றும் கேளுங்கள். நீங்கள் பணம் கொடுத்து அமர்த்தும் பரிசோதகர் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று துளை பிளக் பாயின்ட் பளபளவென்று இருக்கும். பின்னால் எர்த் வயரே இருக்காது. சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் பெரும்பாலும் நொடியில் தெரியும். வாட்டர் ஹீட்டரின் தகட்டில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

படி 3: வாடகை நிஜமா?

பலரும் வழுக்கி விழும் இடம் இது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம், வாடகை தருவதாகச் சொன்னதற்கு மட்டுமே சாட்சி. தந்ததற்குச் சாட்சி வங்கிக் கணக்கு. வாடகை வரவு தெரியும் அறிக்கையைக் கேளுங்கள். குடியிருப்பவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும்: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, முதல் மாதங்கள் இலவசமா, பாக்கி உண்டா. ஆள் குடிவந்தே ஓரிரு மாதம்தான் என்றால், விற்பதற்காகவே சலுகை கொடுத்துக் கூட்டி வந்தார்களா என்று சந்தேகப்படுங்கள்.

"ஒரு வருட வாடகைக்கு உத்தரவாதம்" என்றால் இன்னும் உஷாராகுங்கள். அந்தப் பகுதியில் கிடைக்கும் மாத வாடகை 850, கம்பெனி காட்டுவது 1,000 என்று வையுங்கள். ஆண்டு வாடகை விலையில் 12% என்ற ஒரே கணக்கில் பார்த்தால், 850-க்கு வீட்டின் விலை 85,000, 1,000-க்கு 1,00,000. மாதம் 150 வீதம் ஒரு வருடத்துக்குக் கம்பெனி ஈடுகட்டுவது 1,800. அதற்குப் பதிலாக உங்களிடம் கூடுதலாக வாங்குவது 15,000! பக்கத்துத் தெருக்களில் இதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று, கம்பெனியோடு தொடர்பில்லாத இரண்டு தரகர்களிடம் கேளுங்கள்.

படி 4: கணக்கு

அவர்கள் தரும் கால்குலேட்டரைத் தொடாதீர்கள்; செலவுக் கட்டங்கள் முன்கூட்டியே குறைவாக நிரப்பப்பட்டிருக்கும். வெற்று எக்செல் தாள் போதும். விலை 1,00,000, மாத வாடகை 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000, விளம்பரத்தில் 12%. இதில் ஆண்டுச் செலவுகளைக் கழியுங்கள். ஒரு மாதம் காலி: 1,000. வசூலில் 10% நிர்வாகக் கட்டணம்: 1,100. புது ஆள் பிடிக்க: 500. பழுது: 1,200. வரி, காப்பீடு: 1,800. மிச்சம் 6,400, அதாவது 6.4%. கடன் வட்டி இதற்குப் பிறகுதான். எண்கள் உதாரணத்துக்குத்தான், வரிசையை மாற்றாதீர்கள்.

படி 5: நிர்வாக ஒப்பந்தம்

விற்ற கம்பெனியே நிர்வகிப்பது தவறில்லை. ஆனால் அபராதமில்லாமல் விலக முடியுமா, பழுது பில்லில் அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு, எந்தத் தொகைக்கு மேல் உங்கள் சம்மதம் வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: முன்பணத்தில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. குடியிருப்பவர் கட்டிய முன்பணம் விற்றவரிடமே தங்கிவிடும்; குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித் தரும் பொறுப்பு பெரும்பாலும் புது உரிமையாளர் தலையில் விழும். கிரயத் தொகையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே பணம் கட்டுங்கள்.

இன்னொன்று: கம்பெனி தரும் "பழைய வாடிக்கையாளர்" பட்டியலில் திருப்தியானவர்கள்தான் இருப்பார்கள். முதல் குடித்தனம் காலி செய்து இரண்டாவது ஆள் வந்துவிட்ட வீட்டுக்காரர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, இடையில் வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது, அடுத்த வாடகை எவ்வளவு குறைந்தது என்று விசாரியுங்கள்.