விமான லீஸில் எங்கே தவறுகிறார்கள்?

மாதா மாதம் வாடகை கட்டிப் பறக்கலாம், லீஸ் முடிந்ததும் விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணி இறங்குவதுதான் விமான நிறுவனங்களின் முதல் தவறு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் விமானம் பறந்தாலும் நின்றாலும் வாடகை உண்டு. எஞ்சின் கிடைக்காமல் ஏறத்தாழ பாதி விமானங்கள் முடங்கிவிட்டன என்று சொல்லித்தான் இந்திய விமான நிறுவனமான கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2-ம் தேதி திவால் மனு போட்டது. டிக்கெட் காசு ரூபாயில் வரும். வாடகையோ டாலரில் போகும். ரூபாய் சரிந்தால் என்ன ஆகும் என்று கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

விமானம் கொடுத்தவர்கள் சறுக்கிய இடம் வேறு. வாடகை நின்றால் விமானத்தை மீட்டெடுக்க உரிமை தரும் சர்வதேச ஒப்பந்தமான கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-லேயே சேர்ந்துவிட்டது. விமானத்தின் பதிவை நீக்கி வெளியே கொண்டுபோக முன்கூட்டியே எழுதி வாங்கிய அதிகாரப் பத்திரமும் கையில் இருந்தது. ஆனால், வழக்கு நடக்கும்வரை திவாலான நிறுவனத்திடம் இருப்பதை யாரும் எடுத்துப்போகக் கூடாது என்ற திவால் சட்டத்தின் தடை அதற்குக் குறுக்கே நின்றது. கோ ஃபர்ஸ்ட்டிடம் இருந்த 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2024 ஏப்ரல் 26 ஆகிவிட்டது. இதற்கென்று தனிச் சட்டம் வந்தது 2025-ல்தான். உள்நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் உடன்படிக்கையை மட்டும் நம்பக் கூடாது.

பராமரிப்புக்கென்று மாதந்தோறும் கட்டும் தொகையைச் சேமிப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த வேலை நடந்து பில் காட்டினால்தான் பொதுவாக அது திரும்பி வரும்.

என்னைக் கேட்டால், பணம் அதிகம் கரைவது விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான். எஞ்சினுக்குள் சுழலும் வட்டான டர்பைன் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும். ஆனாலும் அதற்கு ஆயுள் உண்டு: பல பயணிகள் விமானங்களில் இருக்கும் சிஎஃப்எம்56 எஞ்சினில் சுமார் 20,000 சுற்று. ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் எந்த எஞ்சினில், யாரிடம், எத்தனை சுற்று ஓடியது என்பதற்குத் தாள் வேண்டும். நடுவில் ஒரு தாள் விடுபட்டால் அந்த டிஸ்க்கை வாங்க ஆள் கிடையாது. புதிது மாற்ற லட்சக்கணக்கான டாலர் ஆகும்; மாற்றி முடிக்கும்வரை வாடகையும் ஓடும்.

லீஸ் முடிய ஒன்றரை வருஷம் இருக்கும்போதே ஆவணப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு தாளாகச் சரிபாருங்கள். விடுபட்டதைக் கேட்டு வாங்க, அந்த எஞ்சினை முன்பு ஓட்டிய நிறுவனம் அப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.