ஈபே ஏலத்தில் முதல்முறை விற்கிறீர்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரில் பஞ்சாயத்துப் புளியமரங்களை ஏலம் விடும்போது முதலில் டெபாசிட் கட்டச் சொல்வார்கள். கட்டியவர்தான் கேட்க முடியும். மூன்றாம் தரம் சொன்ன பிறகு ஏலம் எடுத்தவர் கையை விரித்தால் டெபாசிட் போச்சு. ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் அந்த டெபாசிட் கிடையாது. புதிதாக விற்பவர்கள் படும் பாட்டில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. மீதிப் பாதிக்குக் காரணம், பணம் கணக்கில் ஏறிய பிறகும் ஒரு மாதத்துக்கு அது உறுதியாக உங்களுடையது என்று சொல்ல முடியாதது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கித் துடைத்து, சோதித்து, ஏலத்தில் விடுவது என் பொழுதுபோக்கு. இந்தப் பதிவில் 1976-ல் வெளிவந்த கேனன் ஏஇ-1 கேமராவை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விதிமுறைகள் அமெரிக்க ஈபேயில் உள்ளவை. வேறு நாட்டில் இருந்தால் கட்டணமும் கெடுவும் மாறும்.

படி 1: ஏலத்துக்கு ஏற்ற பொருள்தானா என்று பாருங்கள்

ஈபே 1995-ல் தொடங்கியபோது ஏலம் மட்டும்தான் நடந்தது. முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. இன்று அங்கே பெரும்பாலான பொருள்கள் நிலையான விலையில்தான் விற்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடப் பழைய செல்போனை ஒரே நேரத்தில் நூறு பேர் விற்கிறார்கள், விலை எல்லோருக்கும் தெரியும், அதை ஏலம் விட்டால் நஷ்டம்தான். விலை இன்னதென்று சொல்ல முடியாத, தேடி அலையும் ஆட்கள் இருக்கிற பொருளுக்கு ஏலம் சரி.

தேடல் பக்கத்தில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்க ஒரு வசதி உண்டு. அதை மட்டும் நம்புங்கள். விற்காமல் கிடக்கும் பொருள்மேல் ஒட்டியிருக்கும் விலை, அதை வைத்திருப்பவரின் ஆசை, அவ்வளவுதான்.

படி 2: ஆரம்ப விலையை வையுங்கள்

"99 சென்ட்டில் ஆரம்பி, கூட்டம் தானாக வரும்" என்று யாராவது சொல்வார்கள். கூட்டம் வந்தால் நல்லதுதான், வராவிட்டால் கேமரா 99 சென்ட்டுக்குப் போய்விடும். அதனால் "இதற்குக் கீழே போனால் வயிறு எரியும்" என்கிற தொகை எதுவோ அதையே ஆரம்ப விலையாகப் போடுங்கள்.

ஏலம் கேட்பவர் தன் உச்சத் தொகையை ரகசியமாகப் பதிவு செய்வார், தளம் அவருக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஒருவர் உச்சம் 120 டாலர், இன்னொருவர் உச்சம் 70 என்றால், விலை 71-ல் நின்றுவிடும். 120 தர ஆள் இருந்தும் உங்களுக்குக் கிடைப்பது 71. ஏலத்தின் விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாமவர்தான். இரண்டாமவரே இல்லையென்றால் ஆரம்ப விலைதான்.

இந்த இடத்தில்தான் ஒரு சபலம் வரும். மச்சானிடம் சொல்லி இரண்டு தடவை ஏற்றிவிடச் சொன்னால் என்ன? செய்யவே செய்யாதீர்கள். 2000-ஆம் ஆண்டு, புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததோ என்று தோன்றும்படி விற்பனைக்கு வந்த ஓர் ஓவியத்துக்கு ஈபேயில் ஏலம் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. பிறகு அது கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய், சம்பந்தப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் 100 டாலர் கேமராவுக்கு எஃப்பிஐ வராது, ஆனால் கணக்கு முடங்கும்.

பெரும்பாலான ஏலங்களில் ஆறு நாள் ஒன்றும் நடக்காது. கடைசிப் பத்து விநாடியில் பாய்ந்து கேட்பார்கள். அதுவரை பதற்றப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள். ஏழு நாள் ஏலத்தை ஞாயிறு மாலை ஆரம்பித்தால் ஞாயிறு மாலையே முடியும், ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரம்.

படி 3: படம் எடுங்கள், குறைகளை எழுதுங்கள்

எனக்கு அடி விழுந்தது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு தளத்தில் நல்ல 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை விற்றேன். இரண்டு வாரம் கழித்து "உள்ளே பூஞ்சை" என்று சொல்லி வாங்கியவர் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்த லென்ஸில் பூஞ்சை இருந்தது உண்மைதான். ஆனால் அது நான் அனுப்பிய லென்ஸ் இல்லை, என்னுடையதில் விளிம்பில் ஒரு கீறல் இருக்கும். தன்னிடமிருந்த பழுதானதை என் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அழகான நான்கு படம் போட்டிருந்தேன், ஒன்றில்கூட வரிசை எண் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பூஞ்சை லென்ஸ் இன்னமும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அதனால்: கேமராவின் எண், லென்ஸின் எண், இரண்டும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். 24 படம் வரை போடலாம், கஞ்சத்தனம் வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒரு படம். சென்னை ஈரத்தில் அலமாரிக்குள் பல வருடம் கிடந்த கேமரா என்றால் சிலந்திவலை போலப் பூஞ்சை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, நீங்களே முதலில் கண்டுபிடித்து எழுதிவிடுங்கள். ஏஇ-1 கேமராவில் படமெடுக்கும் பொத்தானை அழுத்தும்போது சில சமயம் கீச்சென்று இருமுவது போல ஒரு சத்தம் வரும். அதுவும் அந்த மாடலில் தெரிந்த குறை. எழுதுங்கள்.

"நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதாதீர்கள். "புது பேட்டரி போட்டேன், ஷட்டர் எல்லா வேகத்திலும் திறக்கிறது, ஃபிலிம் போட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். சோதிக்கவே இல்லையென்றால் 'உதிரிபாகத்துக்கு' என்ற பிரிவில் போடுங்கள், விலை குறையும், தூக்கம் வரும்.

"ரிட்டர்ன் கிடையாது என்று போட்டுவிட்டால் போதுமே?" போதாது. 'விவரித்தபடி இல்லை' என்று வாங்கியவர் புகார் செய்தால், நீங்கள் என்ன போட்டிருந்தாலும் திரும்ப எடுக்கத்தான் வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில். மனம் மாறியவரும் சில நேரம் இதே பொத்தானைத்தான் அழுத்துகிறார்.

படி 4: கையில் நிற்பதைக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான பிரிவுகளில் கட்டணம் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அதோடு ஆர்டருக்குச் சில பத்து சென்ட். இந்த விழுக்காடு பொருள் விலைக்கு மட்டும் கிடையாது. அஞ்சல் செலவு, வாங்குபவர் கட்டும் விற்பனை வரி எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு. கேமரா 100 டாலர், அஞ்சல் 15, வரி ஏறக்குறைய 8 என்றால் கட்டணம் 16 டாலருக்கு மேல் போகும். அட்டைப் பெட்டி, குமிழ் உறைக்கு ஒரு 3 டாலர். கையில் நிற்பது ஏறக்குறைய 80. இங்கிலாந்தில் வீட்டுப் பொருளை விற்கும் தனிநபர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து விற்பனைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

படி 5: ஏலம் முடிந்தது, பணம் வரவில்லை

இது நடக்கும். நான்கு நாள் பொறுங்கள். அதன் பிறகு 'பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தோடு நீங்களே ரத்து செய்யலாம். காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் அது அவர் கணக்கில் பதியும். இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலையிலேயே பொருளைத் தர முன்வரும் வசதியும் உண்டு. அவர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார் என்பது வேறு கதை. ஏமாற்றியவருக்கு மோசமான மதிப்பீடு போடலாமா என்றால், 2008-லிருந்து விற்பவர் வாங்குபவருக்கு நல்ல மதிப்பீடு மட்டும்தான் போட முடியும். அமைப்புகளில் போய், பணம் கட்டாமல் விட்ட வரலாறு உள்ளவர்களைத் தடுக்கும் கட்டத்தில் முன்பே டிக் போட்டுவையுங்கள்.

"உங்கள் வாட்ஸ்அப் எண் தாருங்கள், வெளியே பேசிக்கொள்ளலாம்" என்று செய்தி வந்தால் பதிலே வேண்டாம். "கூடுதலாக செக் அனுப்புகிறேன், மீதியைத் திருப்பித் தாருங்கள்" என்பதும் பழைய வித்தைதான். செக் பிறகு போலி என்று திரும்பும், நீங்கள் அனுப்பிய மீதி திரும்பாது. பணம் கட்டிய பிறகு "வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஆர்டரில் உள்ள முகவரிக்குப் போகாத பொருளுக்கு உங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. ரத்து செய்து, சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

படி 6: பெட்டி கட்டுதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். கேமராவையும் அதன் எண்ணையும் காட்டி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டைக் காட்டும் வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். தபால் நிலையத்தில் கவுன்டரிலேயே கொடுத்து, எடை அச்சிட்ட ரசீது வாங்குங்கள். "பெட்டி காலியாக வந்தது" என்று சொல்பவரிடம் காட்ட அது உதவும். டிராக்கிங் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஆர்டர் 750 டாலரோ அதற்கு மேலோ போனால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவையும் கட்டாயம், இல்லாவிட்டால் "வந்து சேரவில்லை" என்ற புகாரில் தோற்பீர்கள். முதல் பத்து விற்பனையை உள்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: அடுத்த 30 நாள்

புது விற்பனையாளரின் பணத்தைத் தளம் சில காலம் நிறுத்திவைக்கும், கோபப்படாதீர்கள். பொருள் போய்ச் சேர்ந்ததிலிருந்து 30 நாள் வாங்கியவருக்குப் புகார் செய்ய உரிமை உண்டு. புகார் வந்தால் மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்லுங்கள். எரிச்சலில் சும்மா இருந்தால் தீர்ப்பு அவர் பக்கம் போகும். "30 டாலர் திருப்பித் தந்தால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் மோசமாக மதிப்பீடு போடுவேன்" என்று சிலர் மிரட்டுவார்கள். அது விதிப்படி தவறு. பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே இருந்தால்தான் நீங்கள் அதைச் சுட்டிக்காட்டிப் புகார் செய்ய முடியும்.

பொருள் திரும்பி வந்தால், பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். முதலில் எண்ணைப் பாருங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

30 நாள் கழிந்ததும் வீடியோக்களை அழிக்க வேண்டாம். வாங்கியவர் தளத்தை விட்டுவிட்டு நேராகத் தன் கிரெடிட் கார்டு வங்கியிடம் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கான கெடு சில மாதங்கள். நான் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கோப்புறை போட்டு, எண், படம், ரசீது, வீடியோ எல்லாவற்றையும் ஆறு மாதம் வைத்திருக்கிறேன்.