நீராவி சுட்ட கையும் நட்டஈட்டுக் கோரிக்கையும்

சம்மாந்துறையில் நெல் அவிக்கும் ஆலையொன்றில் நீராவிக் குழாய் கழன்று என் வலது கை வெந்தபோது, மருந்துச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டதால், அதற்குமேல் கேட்பது நன்றிகெட்ட செயலென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் தோல் இறுகி, முழங்கை மடங்க மறுத்து, மூட்டை தூக்க இயலாமற் போனபின், இழந்தது சில மாதச் சம்பளமன்று, தொழிலே என்பது விளங்கியது.

கல்முனையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி விளக்கிய ஒரு விடயமே என் தயக்கத்தைத் தீர்த்தது. நீதிமன்றத்தில் வழக்காடினால் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுக்கவும் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழோ, வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த காயமென்று காட்டுவதே முதன்மையானது. அப்போது பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. ‘பேசித் தீர்ப்போம்’ என்று உறவினர் இழுத்தடித்த மாதங்கள் அவை.

கிளினிக் கொப்பியும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் கையிலிருந்தன. சம்பளச் சிட்டை எனக்கு ஒருபோதும் தரப்படாததால், வரவுப் புத்தகத்தின் பக்கங்களைச் சக தொழிலாளி ஒருவர் கைபேசியில் படம்பிடித்துத் தந்தார். அவற்றையும் இணைத்து, நட்டஈட்டு ஆணையாளருக்குரிய கோரிக்கையில் இடது கையால் ஒப்பமிட்டேன்.