கண்டியிலிருந்து பதுளைக்குத் தனியாகச் சைக்கிளில்: முதல்முறை புறப்படுபவர்களுக்கு

கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, பதுளை. பஸ்ஸில் ஒரு பகலில் முடிந்துவிடும் பாதை, ஏறக்குறைய 160 கிலோமீட்டர். சைக்கிளில் இதற்கு ஐந்து நாட்கள் ஒதுக்குங்கள். மலைநாட்டைச் சைக்கிளில் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் இந்தப் பாதையில்தான் போக வேண்டும் என்பேன். பிரதான வீதி என்பதால் தேநீர்க் கடையும் ஆள் நடமாட்டமும் வழியெங்கும் இருக்கும்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நுவரெலியாப் பக்கம் அடித்துப் பெய்யும். டிசம்பரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தை நனைக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் இடி, மழை, மண்சரிவு பயம். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடப்பதால் வீதி முழுக்க வாகனங்கள். அந்த மாதத்தைத் தவிருங்கள். எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

2. சைக்கிளை ஏற்றத்துக்குத் தயார்செய்யுங்கள்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பாரம் குறைந்த கியர் தேவை. முன் பல்சக்கரத்தில் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். பின்னால் மிகப் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். பின்னால் உள்ள எண்ணிக்கை முன்னதைவிடக் கூடுதலாக இருந்தால் சுமையோடு மலை ஏறுவது இலகு. முன்னே 28, பின்னே 34 என்றால் நல்லது. இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் பின் பல்சக்கரத்தொகுதியை மாற்றச் சொல்லுங்கள்.

பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். டயர் அகலமாக இருக்கட்டும். பொதிகளைப் பின் கரியரின் இரு பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஏறினால் புசல்லாவைக்கு முன்பே தோள் கழன்றுவிடும்.

3. பொதி

எல்லாம் சேர்த்து 12 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். சிறிய கூடாரம், அதன் கீழே விரிக்கத் தறப்பாள், மழைக்கோட்டு, இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்பி, ஒட்டும் சாமான்கள், முன்னும் பின்னும் விளக்கு. றம்பொடைப் பக்கம் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. மலையில் மூடுபனி எந்த நேரமும் இறங்கும். ஆகவே பகலிலும் விளக்கு வேண்டும்.

குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு பாகை இறங்கிவிடும். நுவரெலியாவில் பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் நாட்களும் உண்டு. கம்பளித் தொப்பியும், ஈரம்படாமல் பொலித்தீனில் சுற்றிய காய்ந்த காலுறை ஒரு சோடியும் இரவுக்கென்றே தனியாக இருக்கட்டும்.

அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரம் போதும். ஈரமான கட்டியைக் கணுக்காலைச் சுற்றித் தேய்த்துவிட்டுப் புல்லில் இறங்குங்கள்.

4. தூரத்தை விட்டு ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். வரைபடம் 77 கிலோமீட்டர் என்று காட்டுவதைப் பார்த்து, "ஒரு நாளில் போய்விடலாம்" என்று நானும் முதல் தடவை கிளம்பினேன். றம்பொடையில் இருட்டிவிட்டது. கால் நடுங்க, மழையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

இப்போது ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் மூன்று கிலோமீட்டரைத் தூரத்தோடு கூட்டிக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் அந்தப் பாதை 118 கிலோமீட்டர். இடையில் இறங்கி ஏறுவது வேறு. ஆகவே முதல் நாள் றம்பொடை, இரண்டாம் நாள் லபுக்கலை வழியாக நுவரெலியா என்று பிரியுங்கள். காலை ஆறுக்குப் புறப்பட்டு, பிற்பகல் இரண்டுக்குள் நிறுத்துங்கள். ஏறும்போது மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். களைத்தால் தள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை.

5. கூடாரம் போடுமுன் கேளுங்கள்

தேயிலைக் காணி வெறும் நிலமாகத் தெரிந்தாலும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. காட்டு ஒதுக்கிடங்களில் அனுமதியின்றித் தங்கக்கூடாது. ஹோட்டன் சமவெளியில் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஒரு தோட்டத்தில் மலைச்சரிவின் ஓரம் அழகான இடம் ஒன்றைக் கண்டு பொதியை அவிழ்த்தேன். கொழுந்துக்கூடையோடு இறங்கிவந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, அங்கே படுக்க வேண்டாம். சிறுத்தை வருகிற பாதை அது. மேலே பாருங்கள், குளவியும் இருக்கிறது" என்றார். அண்ணாந்து பார்த்தேன். மரக்கிளையின் அடியில் கறுப்பாக, முறத்தளவுக்குக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் குளவிக்கொட்டு எவ்வளவு பெரிய ஆபத்து என்பது தெரிந்தும் நான் மேலே பார்க்கவில்லை. அன்றிரவு கோயில் மண்டபத்தில் இடம் கேட்டுக் கொடுத்தவரும் அவரே. காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. பிளேன் டீயோடு குடிக்கச் சீனியை உள்ளங்கையில் வைத்தார்.

ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குள் கோயிலிலோ, பாடசாலையிலோ, லயத்துப் பெரியவரிடமோ கேளுங்கள். யார், எங்கிருந்து, நாளை எங்கே என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தனியாகப் பயணிக்கும் பெண்கள் குடும்பம் குடியிருக்கும் வீட்டு முற்றத்தையோ விடுதியையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

6. இறக்கம்

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வரை பெரும்பாலும் நீண்ட இறக்கம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சில்லின் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். முடக்குக்கு முன் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் அழுத்தி விடுங்கள், மீண்டும் அழுத்தி விடுங்கள். சீதா எலிய அம்மன் கோயிலிலும் ஹக்கல பூங்காவிலும் நிறுத்தி, விளிம்புக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் அது ஆறும்வரை புறப்படாதீர்கள். முடக்கில் பஸ் ஹோர்ன் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

7. கடைசி இரண்டு நாட்கள்

வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கு ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும். அங்கிருந்து எல்ல குறுகிய தூரம். பதுளைக்குப் போகும் வழியில் தெமோதரையில் இறங்கிப் பாருங்கள். ரயில் பாதை மலையைச் சுற்றிவந்து நிலையத்துக்குக் கீழேயே நுழைந்து போகிறது.

தினமும் மாலையில், இருக்கும் இடத்தையும் மறுநாள் பாதையையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

திரும்புவதற்கு ரயிலை நம்பினால், சைக்கிளை ஏற்றுவார்களா, ரயில் ஓடுகிறதா என்று பதுளை நிலையத்தின் பொதிகள் பகுதியில் முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.