தண்ணீரில் விளையாடிய நாய் தள்ளாடினால் என்ன செய்வது?

ஏரியிலோ பம்ப்செட் தொட்டியிலோ பந்தை வீசி, நாயை எடுத்து வரச் சொல்கிறோம். ஒவ்வொரு முறை கவ்வும்போதும் பந்தோடு ஒரு வாய்த் தண்ணீரும் உள்ளே போகிறது. ஹோஸ் பைப்பிலிருந்து பீச்சும் தண்ணீரைக் கடித்து விளையாடும் நாய் இன்னும் வேகமாக விழுங்கும். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதைவிடப் பல மடங்கு ஓரிரு மணி நேரத்தில் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தால் ஈடுகொடுக்க முடியாது.

அப்போது ரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போகிறது. நாய்க்கு இது லிட்டருக்குச் சுமார் 140 முதல் 155 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கும். மற்ற உறுப்புகள் வீங்கினாலும் கொஞ்சம் இடம் உண்டு. மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு அந்த இடம் இல்லை. இதைத்தான் மருத்துவர்கள் வாட்டர் இன்டாக்சிகேஷன் என்கிறார்கள். சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

படி 1: அறிகுறிகளைப் பாருங்கள்

முதலில் வயிறு உப்பும், தண்ணீராக வாந்தி வரும், எச்சில் வடியும், நிறமற்ற சிறுநீர் அடிக்கடி போகும். நாய் சோர்ந்து படுக்கும். "விளையாடிக் களைத்துவிட்டது" என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். களைத்த நாய் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், எழுந்தால் நேராக நடக்கும். பின்னங்கால் பின்னினாலோ, கண் வெறித்து கண்பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கருவட்டம்) விரிந்திருந்தாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அடுத்து வருவது வலிப்பு, மூச்சுத்திணறல், நினைவிழப்பு.

படி 2: வேறு எதுவாக இருக்கலாம்?

வெயில் தாக்கத்தில் மேல்மூச்சு வாங்கும், ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் பெரும்பாலும் 41 டிகிரி செல்சியஸைத் தொடும். தண்ணீர் மிகுந்த நாய்க்கு வெப்பம் இயல்பாகவோ (38 முதல் 39.2) அதற்குக் குறைவாகவோ இருக்கும். வயிறு கல்லாக இறுகி, குமட்டியும் எதுவும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதுவும் அவசரம்தான். குளத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதன் நஞ்சும் இதே போல வலிப்பைத் தரும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடல்நீர் குடித்த நாய்க்கு நடப்பது நேர் எதிர்: சோடியம் ஏறுகிறது.

படி 3: வீட்டில் செய்ய வேண்டியது

தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து துடையுங்கள். குடிக்கும் கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றி, தலை சற்று உயர்ந்திருக்கும்படி படுக்கவையுங்கள். கழுத்து மடங்கவோ நெரியவோ கூடாது, மூளையிலிருந்து ரத்தம் தடையின்றி இறங்க வேண்டும். வலிப்பு வந்தால் வாயில் கை வைக்காதீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைசல் ஊட்டாதீர்கள். எவ்வளவு சோடியம் குறைந்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தள்ளாடும் நாய்க்கு அது புரையேறி நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்துதான்.

ஒரே ஒருமுறை தண்ணீர் கக்கிவிட்டுச் சுறுசுறுப்பாக இருக்கும் நாய்க்கும் விளையாட்டை நிறுத்தி, மருத்துவரிடம் போனில் கேட்டு, சில மணி நேரம் கண்காணியுங்கள். நடையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

படி 4: மருத்துவமனையில்

போகும் வழியிலேயே போன் செய்து "தண்ணீரில் விளையாடியது, சோடியம் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விளையாட்டு தொடங்கியது, எப்போது தள்ளாட்டம் வந்தது என்பதுதான் நீங்கள் தரும் மிக முக்கியமான தகவல். சில மணி நேரத்தில் குறைந்த சோடியத்தை முதலில் கொஞ்சம் வேகமாகவே ஏற்றலாம். பல நாட்களாகக் குறைந்திருந்தால் 24 மணி நேரத்தில் 10 முதல் 12 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது, மூளை நரம்புகளின் உறை சிதையும்.

வலிப்பு இருந்தால் 3 சதவீத உப்பு ட்ரிப்ஸ், மூளை வீக்கத்துக்கு மானிட்டால், வலிப்பை அடக்க டயசிபாம் போன்றவை தரப்படும். நீரை வெளியேற்ற ஃபுரோசெமைடும் தரலாம். குளுக்கோஸ் ட்ரிப்ஸ் இங்கே கெடுதல்: சர்க்கரை உடலில் எரிந்தபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும், அதனால் ஊசி போட்டதும் வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படாதீர்கள்.

இனி விளையாடும்போது

லேப்ரடார் போல நிறுத்தத் தெரியாமல் ஓடும் நாய்களும், கொஞ்சம் தண்ணீரே அதிகமாகிவிடும் சிறு நாய்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கின்றன. 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி, சிறுநீர் கழித்த பிறகே மறுபடி இறக்குங்கள். உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான வட்டைப் பழக்குங்கள், அதைக் கவ்வ வாயை அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. மூழ்கிக் கல் எடுக்கும் பழக்கத்தையும் ஹோஸ் பைப் விளையாட்டையும் முழுவதும் விட்டுவிடுங்கள்.